நஞ்சராயன் குளத்துக் காலை வெளிச்சம்

பனியன் கம்பெனியில் ஷேடு பார்ப்பவர்களுக்கு வெளிச்சத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. டியூப்லைட்டில் ஒத்துப்போகிற இரண்டு துணி வெயிலில் வேறு வேறாகத் தெரியும். லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்பதே அதற்காகத்தான். அந்தக் கண்ணோடு ஒருமுறை நஞ்சராயன் குளத்துக்குக் கேமராவை எடுத்துக்கொண்டு போங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

திருப்பூரை ஒட்டியே இருக்கிற குளம். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகூட இங்கே வருகிறது!

வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். கரைமேல் நின்றபடி எடுத்தால் பறவைக்குப் பின்னால் வெறும் தண்ணீர்தான். குத்தவைத்து லென்ஸை இறக்கிப் பாருங்கள். பின்னணி மங்கி, பறவையின் கண் நேருக்கு நேர் நிற்கும். வெள்ளைக் கொக்கு என்றால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இருண்ட தண்ணீரைக் கணக்கில் எடுத்துக் கேமரா படத்தை வெளிச்சமாக்கிவிடும். அப்படி வெளுத்துப்போன இறகை எந்த எடிட்டிங்கும் மீட்காது. சூரியனை எதிரே வைத்து எடுத்தால் இறகோரம் ஒளிர்கிற அழகே தனி.

எடிட்டிங்கில் நிழலைத் தூக்கலாம், ஓரம் வெட்டலாம், கருப்பு வெள்ளையாக்கலாம். வேறு ஊர் வானத்தை மட்டும் ஒட்டாதீர்கள். அது நம்ம குளத்துப் படமே இல்லை.

இன்னொன்று: பறக்கிற படம் வேண்டும் என்று கல்லெறிந்து பறவைகளைக் கிளப்பாதீர்கள். ட்ரோனும் வேண்டாம்.