வெளிச்சுற்றுக்கு ஒரு பெயர்

பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவனுக்கு ஜாவாஸ்கிரிப்டில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவுவதுண்டு. எனது பழைய கட்டுரைகள் ஆண்டு வரிசையில் கணினியில் கிடக்கின்றன. ஒரு சொல்லை நான் முதன்முதலில் எந்தக் கட்டுரையில் எழுதினேன் என்று அறிய வேண்டும். அவ்வளவே.

இதற்கு ஒன்றினுள் ஒன்றாக இரண்டு சுற்றுகள் தேவை. வெளிச்சுற்று கட்டுரை கட்டுரையாகச் செல்லும். உட்சுற்று வரி வரியாகத் தேடும். சொல் அகப்பட்டதும் அந்தக் கட்டுரையைக் குறித்துக்கொண்டு 'பிரேக்' கொடுத்தால் நிற்பது உட்சுற்று மாத்திரமே. வெளிச்சுற்று அடுத்த கட்டுரைக்குப் போய்விடும். அங்கும் சொல் இருந்தால் முன்னைய குறிப்பை அழித்து எழுதும். முதற்கட்டுரையைத் தேடியவனுக்கு இறுதிக் கட்டுரையே கிட்டும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதே இதிலுள்ள ஆபத்து.

பரிகாரம் எளிது. வெளிச்சுற்றுக்கு முன்னால் ஒரு பெயரும் முக்காற்புள்ளியும் இட வேண்டும். 'கட்டுரைகள்' எனத் தமிழிலேயே பெயரிடலாம், ஜாவாஸ்கிரிப்ட் மறுப்பதில்லை. பின்னர் 'பிரேக் கட்டுரைகள்' என்றால் இரண்டு சுற்றுகளும் முடியும். 'கன்டினியூ கட்டுரைகள்' என்றால் இந்தக் கட்டுரையை விட்டு அடுத்ததற்குச் செல்லும். ஆனால் இரு சொற்களும் ஒரே வரியில் இருத்தல் வேண்டும். வரி பிரிந்தால் மொழி தானாகவே 'பிரேக்'கின் பின் அரைப்புள்ளி இட்டுக்கொள்ளும். பழையபடி உட்சுற்றே நிற்கும். அச்சுக்கோப்பை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இருந்தும் நிரலாளர் பலர் இந்தப் பெயர்ச்சீட்டைக் கண்டால் முகஞ்சுளிக்கின்றனர். பழைய 'கோ டூ'வின் வாடை அடிக்கிறதாம். 1968 மார்ச்சில் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 'கோ டூ'வை எதிர்த்து எழுதிய கடிதம் ஓர் ஆய்விதழில் வெளியானது. அவர் இட்ட தலைப்பு, 'கோ டூ கூற்றுக்கு எதிரான ஒரு வாதம்' என்ற அடக்கமானது. அதனைக் 'கேடு பயப்பது' என்று காரமாக மாற்றியவர் ஆசிரியர் நிக்லவுஸ் விர்த். (அவர் பின்னர் ஆக்கிய பாஸ்கலில் 'கோ டூ' இருந்தது!) கடிதத்தைப் படித்தவர்களைவிடத் தலைப்பை மட்டும் படித்தவர்களே அதிகம் என்பது எனது ஊகம், எமது தொழிலில் அன்றாடம் காண்பதுதான்.

நிரலின் வாசகத்தைப் பார்த்து அதன் ஓட்டத்தைப் பின்தொடர முடியாமற்போகிறது என்பதே டெய்க்ஸ்ட்ராவின் முறைப்பாடு. பெயரிட்ட 'பிரேக்' நினைத்த இடத்துக்கெல்லாம் பாயாது; தன்னைச் சூழ்ந்த சுற்றிலிருந்து வெளியேற மட்டுமே அதனால் முடியும். இரு சுற்றுகளையும் ஒரு செயற்கூற்றில் அடக்கி 'ரிட்டர்ன்' கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் பெயருக்கு அஞ்சி 'கிடைத்துவிட்டதா' என்றொரு மாறியை வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதனைச் சோதித்துக்கொண்டிருப்பது வீண் வேலை.