நிறம் கடைசி

தூண்டில் சாமான் கடையில் கிராங்க்பெய்ட் பெட்டியைத் திறந்து வைத்தால் யார் கையும் முதலில் நிறத்தைத்தான் தேடிப் போகும். சிவப்புத் தலை, பச்சை முதுகு, தங்க வயிறு, எல்லாமே அழகு. நவி மும்பையின் நெருள் கழிமுகக் கரையில் நின்று கொடுவாவுக்கு வீசிப் பழகிய எனக்கு நிறம் கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, இன்றைக்கு என்ன திதி என்பது.

கிராங்க்பெய்ட் அமெரிக்க ஏரிகளின் லார்ஜ்மவுத் பாஸை மனத்தில் வைத்து வளர்ந்த லூர், அதாவது பொய்யிரை. தடித்த வயிறு, முன்னால் நீட்டிய பிளாஸ்டிக் உதடு. ரீலைச் சுற்றினால் தலைகுப்புற முங்கி உடம்பை ஆட்டிக்கொண்டு வரும், நிறுத்தினால் மிதந்து ஏறும். டென்னசிக்காரர் ஃப்ரெட் யங் பால்சா மரத்தில் கையால் செதுக்கிய ‘பிக் ஓ’தான் இன்றைய குண்டு வகைகளுக்கு முன்னோடி. அதற்கு வெகு முன்பே, 1936இல், பின்லாந்தின் லௌரி ரப்பாலா தக்கையைச் சீவி, அடிபட்ட சிறுமீனைப் போலத் தள்ளாடும் லூரைச் செய்துவிட்டார். நம் கழிமுகங்களில் பாஸின் இடத்தில் இருப்பது கொடுவா. இங்குள்ள கோளி மீனவர்களுக்கு அது ஜிதாடா. அலையாத்தி வேர், கல், பாலத்தூண் என ஏதாவது ஒரு மறைவில் ஒட்டி நின்று, மடவையோ இறாலோ கடக்கும்போது வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும் மீன் அது. ஏரி பாஸும் இப்படித்தான் வேட்டையாடும் என்பதால் அதற்கான லூர் இங்கும் பலிக்கிறது. வேறுபாடெல்லாம் தண்ணீரில்தான்.

ஏரி கலங்கினால் தெளியச் சில நாள் ஆகும். எங்கள் கழிமுகம் ஒரே நாளில் இரண்டு முறை கலங்கி இரண்டு முறை அடங்கும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நண்பகலிலும் நள்ளிரவிலும் கடல் உச்சத்துக்கு ஏறும், விடியலிலும் மாலையிலும் வற்றிக் கிடக்கும். அப்போது ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே நாலு மீட்டருக்கு மேலேகூட வித்தியாசம் இருக்கும். கோளிகள் அந்த நாள்களை உதாண் என்பார்கள். அஷ்டமியை ஒட்டிய பாங் நாள்களில் எல்லாம் மாறிவிடும்: ஏற்றம் விடியலிலும் மாலையிலும் வரும், நீர் மந்தமாக நகரும், சேறு கீழே படியும். தை மாதத்து அஷ்டமி விடியலில் எங்கள் தண்ணீரைத் தெளிவு என்று துணிந்து சொல்லலாம். பௌர்ணமிக்கு மறுநாள் அதே இடம் தேநீர் நிறத்தில் ஓடும். நாள்காட்டியைப் பார்த்தாலே பெட்டியில் பாதி லூரை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

கரைக்குப் போனதும் ஒரு வெள்ளை லூரைக் காலடியில் இறக்கிப் பார்ப்பேன். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அன்றைய கணக்கு. 1865இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி ஒரு தட்டைக் கடலில் இறக்கி அளந்த அதே முறை. ஒரு முழத்துக்கு மேல் தெரிந்தால் மீன் கண்ணால் வேட்டையாடும். ஒரு சாணுக்குள் மறைந்தால் கண்ணை நம்பாது. உடம்பின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டால் தண்ணீரின் அதிர்வை உணர்ந்து திரும்பும். லூர் தேர்வு இந்த இரண்டு நிலைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

கலங்கலுக்குத் தடித்த உடம்பு, அகலமான ஆட்டம். உதடு செங்குத்தாக இறங்கியிருந்தால் லூர் ஆழம் போகாது, ஆனால் உடம்பை வீசி வீசி ஆட்டும், அந்த ஆட்டம் ராடின் நுனியில் துடிப்பாகத் தெரியும். உடம்பின் நேர்க்கோட்டில் நீண்டிருக்கும் உதடு ஆழத்துக்கு இழுக்கும், ஆட்டம் நெருக்கமாகும். எல்லா வழிகாட்டிகளும் சொல்வது இதுவரைதான். உதாண் நாளில் இந்த விதி அப்படியே செல்லாது. கலங்கல் மிகுந்த அதே வேளையில் நீரோட்டமும் மிகுந்திருக்கும், அந்த வேகத்தில் அகல ஆட்டக்காரன் நிலை தடுமாறிப் பக்கவாட்டில் சாய்ந்து மேலே வந்துவிடுவான். மீன் கேட்பதை நீரோட்டம் தாங்காது. ஆகவே உதாணில் நடு ஓட்டத்தை விட்டுவிடுகிறேன். நீர் திரும்புவதற்கு முந்தைய ஒரு மணியும் திரும்பிய பின் வரும் ஒரு மணியும்தான் குண்டு லூருக்கு உரியவை. நடு ஓட்டத்தில் வீசியே ஆகவேண்டும் என்றால் பக்கம் தட்டையான, நெருக்கமாக ஆடும் லூரை எடுத்து, ஓட்டத்தின் மேல்பக்கம் வீசி, ஓட்டத்தைவிடச் சற்று வேகமாக இழுக்க வேண்டும். மடவைக் குஞ்சுகள் அந்தத் திசையில்தான் வரும், ஓட்டத்தை எதிர்த்து வரும் சிறுமீன் கொடுவாவுக்குப் பழக்கமில்லை.

வற்று தொடங்கியதும் பார்க்க வேண்டிய இடம் வாய்க்கால் வாய். சதுப்பும் உப்பளமுமாய் இருந்த தாழ்நிலத்தில் நகரம் எழுப்பியபோது, 1970இல் அமைந்த சிட்கோ நிறுவனம் டச்சுக்காரர் வழியில் மழைநீரைத் தாங்கும் குளங்களை வெட்டியது. நெருள்வாசிகள் காலை நடைக்குப் போகும் ‘ஜுவல் ஆஃப் நவி மும்பை’யும் அப்படி ஒரு குளம்தான். இவ்வகைக் குளத்தின் கதவைக் கடல் ஏறும்போது கடலே அழுத்தி மூடும், வற்றும்போது உள்நீர் தள்ளித் திறக்கும். திறந்ததும் வெளியே வரும் நீர் ஒரு நிறம், கழிமுக நீர் வேறொரு நிறம். இரண்டும் சேரும் கோடு கரையிலிருந்தே தெரியும். அந்தக் கோட்டின் கலங்கல் பக்கத்தில் ஒளிந்து நின்று, தெளிவுப் பக்கம் கடப்பதைக் கொடுவா பிடிக்கும். குறுக்கே வீசுவதில் பயனில்லை, கோட்டை ஒட்டி நெடுக இழுக்க வேண்டும். இங்கே ஒரு மீட்டர் ஆழம் போகும் சதுர உதட்டு லூருக்கு ஈடு கிடையாது. சதுர முனை கல்லிலும் வேரிலும் மோதினால் லூர் எதிர்பாராத பக்கம் எகிறும். உதடு முன்னால் முட்டுக் கொடுப்பதால் பின்னால் வரும் முள் சிக்குவதும் குறைவு. மோதிய நொடியில் ரீலை நிறுத்திவிட வேண்டும். லூர் தானாகப் பின்வாங்கி மிதந்து ஏறும். பெரும்பாலான கடி அந்த ஏற்றத்தில்தான் விழுகிறது, இழுப்பில் இல்லை.

பாங் தெளிவுக்கு இதற்கு நேர்மாறு. பால்சாவில் செய்த, குண்டுமணிச் சத்தம் இல்லாத, மெலிந்த லூர். உள்ளே குண்டுகள் கிலுகிலுக்கும் வகை அன்று மீனை ஒதுங்க வைக்கிறது என்றே என் அனுபவம் சொல்கிறது. கலங்கலில் அதே சத்தம் துணை, அதிலும் ஒற்றைப் பெருங்குண்டு டொக் டொக்கென்று தட்டும் வகை.

ஏரிக்காரர்களுக்குத் தேவைப்படாத ஒரு கணக்கு எங்களுக்கு உண்டு. நன்னீரில் நிறுத்திய இடத்திலேயே நிற்குமாறு எடை பார்த்துச் செய்த லூர், கடல்நீரில் அப்படி நிற்காது. கடல்நீர் சுமார் இரண்டரை சதவீதம் கனம். 20 கிராம் லூரை அது அரை கிராம் அளவுக்குக் கூடுதலாக மேலே தள்ளும். சித்திரை, வைகாசியில் கழிமுகம் முழு உப்பாக இருக்கும்போது அந்த அரை கிராமை ஈயக் கம்பியாக முள்ளின் தண்டில் சுற்றி ஈடுகட்டுகிறேன். ஆவணி மழையில் நீர் இனித்துவிட்டால் கம்பியைக் கழற்றியாக வேண்டும், இல்லையென்றால் லூர் மெதுவாக மூழ்கும். மழைக்காலத்தில், அதுவும் பாங் நாள்களில், இலேசான நன்னீர் மேலே பழுப்பாகவும் கனத்த உப்புநீர் கீழேயும் இரண்டு அடுக்காக நிற்கும். மேலடுக்கைப் பார்த்து இன்று ஒன்றும் கிடைக்காது என்று திரும்பிப் போகிறவர்கள் பலர். நீண்ட உதட்டு லூரை மூன்று மீட்டர் இறக்கினால் அதன் ஆட்டம் ஓரிடத்தில் மாறுவதைக் கை உணரும். அங்கிருந்து கீழே வேறு தண்ணீர். உதாண் வந்ததும் இரண்டும் கலந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு நிறம். சேறும் இலைச்சாறும் கலந்த நீர் நீல ஒளியை முதலில் விழுங்கிவிடும், மஞ்சளும் ஆரஞ்சும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால் கலங்கலுக்கு எலுமிச்சை மஞ்சள். அரையிருட்டில் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு உருவம்தான் தெரியும், அதற்குக் கறுப்பு. தெளிவுக்கு மடவையின் வெள்ளியும் சாம்பலும். மூன்று போதும்.

லூர் ஒரு பக்கமாக ஓடினால் எதிர்ப்பக்கம் மூக்கு வளையத்தை இடுக்கியால் மயிரிழை வளைத்தால் நேராகிவிடும். ஏரி பாஸுக்கான மெல்லிய மும்முனை முள்ளை வாங்கிய அன்றே கழற்றிவிடுவது நல்லது, கொடுவா அதை நிமிர்த்திவிடும். துருப்பிடிக்காத தடித்த ஒற்றை முள் மாட்டினால் வேரில் சிக்குவதும் குறையும், மீனின் வாயும் கிழியாது. செவுள் மூடியின் ஓரம் கத்தி போல் அறுக்கும் என்பதால் பின்னல் நரம்பான பிரெய்டின் முன்னால் தடித்த நைலான் நரம்பு கட்டாயம்.

மீனின் வாயைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படக் காரணம் உண்டு. கொடுவா ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். கழிமுகத்தில் சிக்கும் பெருமீன்கள் பெரும்பாலும் முட்டையிடும் பெண்கள். குழம்புக்குக் கொடுவா வேண்டுமென்றால் பண்ணையில் கிடைக்கிறது. சென்னையின் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997இல் முட்டுக்காட்டில் இதைச் சிறைநிலையில் இனப்பெருக்கம் செய்யவைத்தது. ஆகவே கழிமுகத்துப் பெருமீனை நான் தண்ணீரை விட்டு முழுதாகத் தூக்குவதில்லை, முள்ளைக் கழற்றி அங்கேயே விட்டுவிடுகிறேன். வாஷி பாலத்துக்கு வடக்கே, 2015இல் பூநாரைகளுக்காக அறிவித்த சரணாலயத்துக்குள் லூரோடு போவதும் இல்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. கரைத் தூண்டிலை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் முட்டையிடும் பருவம் என்பதால் ராடைத் தொடுவதில்லை. வாங்கி வைத்த லூர்களுக்கு முள் மாற்றவும், வாளியில் உப்புக் கரைத்து ஒவ்வொன்றும் மிதக்கிறதா நிற்கிறதா என்று பார்த்துக் குறித்துவைக்கவும் அந்த இரண்டு மாதம் சரியாக இருக்கிறது.