நாள்தோறும் எழுதத்தான் வேண்டுமா?

ஆசிரியப் பணியில் இருப்போர்க்குப் பேச்சே தொழில். வகுப்பறையில் பேசிப் பழகிய நமக்கு முகநூல் என்னும் புதிய மேடை வாய்த்தபோது, அங்கும் பேசத் தயக்கம் தோன்றவில்லை. தொடக்கத்தில் திங்களுக்கு ஓரிரு முறை சொல்லாராய்ச்சிக் குறிப்புகளை எழுதிவந்தோம். "நாள்தோறும் எழுதினால்தான் உலகம் நம்மை நினைவில் வைத்திருக்கும்" என்றார் நண்பர் ஒருவர். அறிவுரை இனித்தது. அன்றுமுதல் ஒரு நாளும் தவறாது எழுதலானோம்.

முதற்சில வாரங்கள் இடர் ஏதுமில்லை. பல்லாண்டுப் படிப்பில் சேர்த்த சரக்குக் கைகொடுத்தது. பின்னர், பொருள் இருந்ததால் எழுதிய நிலை மாறி, நாளை நிரப்புவதற்காகப் பொருள் தேடும் நிலை வந்தது. காலையில் பாடக்குறிப்பை எடுத்த கை, கைப்பேசியை எடுத்து நேற்றைய பதிவிற்கு விழுந்த விருப்பக்குறிகளை எண்ணத் தொடங்கியது.

ஒருநாள் மாலை எழுதுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. மேசைமீது உள்தேர்வு விடைத்தாள்கள் கிடந்தன. அளபெடை என்பதனை 'அளந்து எடை போடுதல்' என விளக்கியிருந்தார் ஒரு மாணவர். நகைப்பு மேலிட, அவ்வரியைப் படமெடுத்துப் பெயரை மறைத்து வெளியிட்டோம். முன்னெப்போதும் இல்லாத வரவேற்புக் கிட்டியது.

பெயரை மறைத்த நாம் கையெழுத்தை மறைக்கவில்லை. உடன்பயில்வோர் கண்டுகொண்டனர். மூன்று நாள் அம்மாணவர் வகுப்பிற்கு வரவில்லை. செய்தி அறிந்து பதிவை நீக்கினோம். அவரைத் தனியே அழைத்து வருத்தம் தெரிவித்தோம். "பரவாயில்லைங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். சந்தையில் தராசு பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளை அவர் என்பதனை அன்றுதான் அறிந்தோம். தமக்குத் தெரிந்த அளவையும் எடையையும் கொண்டு தெரியாத சொல்லுக்குப் பொருள் காண முயன்றிருக்கிறார். அம்முயற்சி பாராட்டத்தக்கது, நாமோ அதனை ஊர் நகைக்க வைத்தோம். முன்பு அடிக்கடி ஐயம் வினவியவர், அவ்வாண்டு முடியும்வரை ஒரு வினாவும் எழுப்பவில்லை.

இது நமக்கு மட்டும் உரிய இடர் அன்று. மருத்துவரிடம் நோயாளியும், வழக்கறிஞரிடம் கட்சிக்காரரும், தணிக்கையாளரிடம் வணிகரும் நம்பி ஒப்படைப்பவை பல. நாள்தோறும் எழுதியே தீரவேண்டும் என்னும் நெருக்கடி மிகும்போது, கைக்கெட்டும் தொலைவில் இருப்பவை அவைதாம். வழக்கறிஞர்கள் தம் தொழிலுக்கு விளம்பரம் தேடுதலை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36ஆம் விதி தடுப்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

மிகுதியாக எழுதினால் மிகுதியாகச் சென்றடையும் என்பதும் முழு உண்மை அன்று. தொழில்முறையாளர்க்கென 2003இல் தொடங்கப்பெற்ற லிங்க்டின் போன்ற தளங்கள், பதிவுகளைக் கால வரிசையில் மட்டும் காட்டுவதில்லை. படிப்போர் நின்று கருத்துரைக்கும் பதிவை மேலும் பலர்க்குக் காட்டுகின்றன. ஆதலின் நல்ல பதிவொன்று எழுதிய நாளோடு மறைந்துவிடுவதில்லை.

வள்ளுவர் இல்லறத்தார்க்குப் பயனில சொல்லாமையை வகுத்தார். அமைச்சர்க்குச் சொல்வன்மையை வகுத்தார். பேசுதலே கடமையான அமைச்சர்க்கும் எங்ஙனம் பேசுவது எனக் கூறினாரேயன்றி, நாளைக்கு எத்தனை முறை எனக் கணக்கிட்டாரிலர்.

அண்மையில் நம் பழைய மாணவர் ஒருவர், இன்று தணிக்கையாளராக இருப்பவர், "ஐயா, எத்தனை நாளைக்கு ஒருமுறை எழுதலாம்?" என வினவினார். "வாரம் ஒன்றை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், கீழ் எல்லை வேண்டா. எழுதியதை ஓரிரவு வைத்திருங்கள். அதில் இடம்பெற்றவர் உங்கள் எதிரில் அமர்ந்து படித்தால் உங்கள் முகம் மாறாது எனின் வெளியிடுங்கள்" என்றோம்.

நாமும் அவ்வாறே செய்துவருகின்றோம். எழுத ஒன்றுமின்றிக் கழியும் வாரங்களும் உண்டு. அவ்வாரங்களில் விடைத்தாள்கள் விரைவில் திருத்தப்பெற்று, உரியவர் கையில் மட்டுமே சேர்கின்றன.