மாஸ்டர் காப்பி

பொத்தேரி ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். செமஸ்டர் நெருங்கினால் பிள்ளைகள் கேட்பதெல்லாம் முழுப் புத்தகம்தான்; பேக் டு பேக் எடுத்து ஸ்பைரல் போட்டுத் தரவேண்டும். கேட்டபிறகு எடுப்பதுகூட இல்லை, ஓடுகிற புத்தகங்களை முன்கூட்டியே போட்டு அடுக்கிவிடுவேன். எல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் தடித்த புத்தகங்கள். மனசு உறுத்தியதில்லை.

உறுத்தவேண்டியது ஒரு கணக்கு வாத்தியாரின் புத்தகம். ரிட்டயர் ஆனவர், கைக்காசில் அச்சடித்தது. ஒரு பையன் காப்பி எடுக்கக் கொண்டுவந்தான். அவனுக்கு ஒன்று, எனக்கு மாஸ்டர் காப்பியாக ஒன்று எடுத்தேன். பதிவு எண் இருக்கிறதா என்று அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. பிறகென்ன பயம்?

2007இல் எழுத்தாளர் சங்கத்தில் பதிந்துவைத்த ‘செங்கோல்’ கதையைக் காட்டித்தான், 2018இல் ‘சர்கார்’ படத்தில் வருண் ராஜேந்திரன் தன் பெயரைப் போடவைத்தார். பதிந்தால்தான் உரிமை என்று அப்போது என் மனதில் பதிந்தது. பதியவைத்துக்கொண்டேன் என்பதே சரி. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியதுமே உரிமை வந்துவிடும். ஆசிரியர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் நிற்கும். டெல்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்துக்கு 500 ரூபாய் கட்டினால் டைரி எண் தந்து, ஆட்சேபணைக்கு 30 நாள் விட்டு, அப்புறம் பரிசீலிப்பார்கள். அந்தப் பதிவு கோர்ட்டில் சாட்சி மாதிரி. உரிமையைத் தருவது அதுவல்ல.

இதையெல்லாம் கடைக்கு வரும் வக்கீல் ஒருவர் சொன்னார். உடனே அடுத்த கேடயத்தைத் தூக்கினேன். டெல்லிப் பல்கலைக்கழகத்து ராமேஷ்வரி ஜெராக்ஸ் கடைமேல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் எல்லாம் 2012இல் கேஸ் போட்டு, 2017இல் வாபஸ் வாங்கிப் போனதே! “அங்க பாடத்துக்குன்னு வாத்தியாருங்க சொன்ன பகுதிகளைத் தொகுத்துக் குடுத்தாங்க. நீங்க கடைச்சரக்கா அடுக்கி வெச்சிருக்கீங்க” என்றார். புரிந்தது. ஆனாலும் மற்றவர்களிடம் பாதிக் கதையைத்தான் சொல்லிவந்தேன்.

ஒருநாள் வாத்தியாரே வந்துவிட்டார். சண்டைக்கு வரவில்லை.

“எத்தனை போயிருக்கும் தம்பி?”

“பத்திருபது இருக்கும் சார்.” பொய். ஒவ்வொரு செமஸ்டரும் அதைவிடப் பல மடங்கு போகும்.

வீட்டில் பாதிப் புத்தகம் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, கமிஷன் எடுத்துக்கொண்டு விற்றுத் தர முடியுமா என்றார். தலையாட்டினேன். ஒரு கட்டை இறக்கிவிட்டுப் போனார். விலை 180 ரூபாய். என் ஸ்பைரல் 90. யாராவது கேட்டால் என் கை எதை எடுத்து நீட்டியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

செமஸ்டர் முடிந்து கணக்குப் பார்க்க வந்தார். இரண்டு போயிருந்தது.

“கணக்கு படிக்கிறவங்க குறைஞ்சுட்டாங்க போல.”

“ஆமா சார்” என்றேன். இரண்டு புத்தகத்துக்கான கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன்.