முட்டை ஊரில் மூளையைப் பார்த்தேன்

கரூரைத் தாண்டி, பரமத்தி வேலூர்ப் பாலத்தில் காவிரியைக் கடக்கும்போது இன்னும் விடியவில்லை. ஆற்றங்கரை வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் கறுப்பாகத்தான் தெரிந்தன. நாமக்கல்லை நோக்கி இன்னும் கொஞ்ச தூரம் போனதும் சாலைக்கு இரண்டு பக்கமும் வெளிச்சம். ஊர் எதுவும் இல்லாத இடத்தில், வயல்களுக்கு நடுவே, தூண்கள் மேல் நிற்கும் நீள நீளமான கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாக விளக்குகள். மனிதர் யாரும் எழுந்திருக்காத அந்த வேளையில் அத்தனை கொட்டகைகளிலும் கோழிகள் விழித்துக்கொண்டு தீனி கொத்திக்கொண்டிருந்தன.

“முட்டைக்கோழிக்கு லைட்டு போட்டுட்டாங்க சார். பதினாறு மணி நேரம் வெளிச்சம் கணக்கு” என்றார் வண்டி ஓட்டிய தம்பி.

தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து இந்த வறண்ட சமவெளிக்கு நான் வந்ததே அந்தக் கோழிகளின் மூளைக்காகத்தான். நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசும் விதத்தைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் எங்காவது ஒரு பக்கத்தில் கோழிக்கரு வந்துவிடும். நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை கிளம்பிப் போகிற மண்ணை ஒரு தடவையாவது மிதிக்க வேண்டும் என்ற ஆசை அப்படி வந்ததுதான்.

முதலில் அந்த விளக்கைப் பற்றிச் சொல்கிறேன். பறவைக்கு வெளிச்சத்தை அறியக் கண் மட்டும்தான் வழி என்று நாம் நினைப்போம். 1930களில் பிரான்சில் ஜாக் பெனுவா வாத்துகளை வைத்து ஆராய்ந்தார். கண்களை நீக்கிய வாத்துக்கும் ஒளி பட்டால் இனப்பெருக்க உறுப்பு வளர்ந்தது. ஒளி மண்டையோட்டை ஊடுருவி மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸ் வரை போகிறது. அங்கே ஒளியை உணரும் புரதங்கள் இருக்கின்றன. பகல் நீண்டிருக்கிறது என்று அவை அறிந்ததும், பத்தே அமினோ அமிலங்கள் கோத்த ஜி.என்.ஆர்.எச். என்ற பொருளை அங்குள்ள நரம்பு முனைகள் விட்டுவிட்டு வெளியிடுகின்றன. அது பிட்யூட்டரிக்குப் போய், அங்கிருந்து கிளம்பும் ஹார்மோன்கள் சினைப்பையைத் தூண்டுகின்றன. கறாராகப் பார்த்தால் இதை நரம்பு ஹார்மோன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வெளியே வரும் வழி, நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் நரம்பியக்கடத்திகளின் வழியேதான்: முனையில் நுண்பைகள், மின்துடிப்பு, கால்சியம். இந்தத் தூண்டலை அடக்கிவைக்கவும் ஒரு பொருள் மூளையிலேயே உண்டு. 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் கசுயோஷி சுட்சுயி குழுவினர் காடையின் மூளையில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

விடிந்தபின் ஒரு பண்ணையில் உரிமையாளரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். பெரிய கோழிகளுக்கு விடியற்காலையும் அந்தியும் விளக்கு எரிய, பக்கத்து வளர்ப்புக் கொட்டகையில் இளங்கோழிகளுக்கு ஒரு விளக்கும் கிடையாது.

“சின்னதுக்கு இப்பவே லைட்டு போட்டா சீக்கிரமே முட்டைக்கு வந்துருமுங்க. உடம்பு தேறாது, முட்டையும் சிறுத்துப்போகுமுங்க. பதினெட்டு வாரம் ஆகட்டும், அப்பறம் வாரம் அரை மணி நேரமாக் கூட்டுவோமுங்க” என்றார்.

ஒரு சுவிட்சைத் தட்டி, மூளைக்குள் எந்தப் பொருள் எப்போது வெளிவர வேண்டும் என்பதை இவர் தீர்மானிக்கிறார். இளமைக்கு ஒரு விதி, முதிர்ச்சிக்கு வேறு விதி என்பதும் அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. ஆய்வுக்கூடங்கள் அரும்பாடுபட்டுச் சேர்த்த அறிவு இங்கே வாரக் கணக்காகவும் மணிக் கணக்காகவும் சுவரில் மாட்டிய அட்டையில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தபோது எனக்குப் பெருமிதமாக இருந்தது.

அங்கிருந்து குஞ்சு பொரிப்பகம் ஒன்றுக்குப் போனேன். கடையில் வாங்கும் முட்டையில் கரு கிடையாது. பொரிக்கும் முட்டை சேவலும் சேர்ந்து வளரும் தாய்க்கோழிப் பண்ணையிலிருந்து வருகிறது. செட்டர் என்ற பெரிய அலமாரிக்குள் 37.5 டிகிரி வெப்பத்தில், மணிக்கு ஒரு தடவை சாய்ந்து திரும்பிக்கொண்டு, முட்டைகள் பதினெட்டு நாள் இருக்கின்றன. கடைசி மூன்று நாள் ஹேட்சர் என்ற பொரிப்பு அலமாரியில்.

மேற்பார்வையாளர் ஒரு முட்டையை எடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை ஓட்டோடு ஒட்டிப் பிடித்தார். “ஏழாம் நாளுங்க சார். பாருங்க, ஆடுது.”

செம்மஞ்சள் வெளிச்சத்தில் கிளை கிளையாக ரத்தக் குழாய்கள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அதுதான் கண். அது ஊசலாடியது, நின்றது, மறுபடி ஆடியது. இந்த ஆட்டத்தில் பெரும்பங்கு கருவைச் சுற்றியிருக்கும் பனிச்சவ்வு தானாகச் சுருங்கி விரிவதால் வருவது. மிச்சம் கருவின் சொந்த அசைவு. அந்த மிச்சத்துக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

கோழிக்கரு மூன்றரை நாளிலேயே கழுத்தை வளைக்கத் தொடங்கிவிடுகிறது. தொட்டால் துலங்கும் திறனோ ஏழாம் நாள் வாக்கில்தான் வருகிறது. எதையும் உணர்வதற்கு முன்பே அசைகிறது என்றால் அசைவை யார் கேட்டது? ஜெர்மனியில் பணியாற்றிய வில்லியம் பிரேயர் 1885இலேயே இதைக் குறித்துவைத்தார். 1960களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் விக்டர் ஹாம்பர்கர், கருவின் தண்டுவடத்துக்கு உணர்வு கொண்டுவரும் நரம்புகளை நீக்கிப் பார்த்தார். அப்போதும் கால்கள் உதைத்தன. தண்டுவடம் தானாகவே துடித்து, நரம்பு முனைகளிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற நரம்பியக்கடத்தியைத் தசை மீது விட்டுக்கொண்டிருந்தது.

இதைவிட வியப்பானது 1983இல் தெரியவந்தது. கோழிக்கருவின் நரம்பு செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். புதிதாக நீளும் நரம்பின் நுனி இன்னும் எந்தத் தசையையும் தொடவில்லை. அந்த நிலையிலேயே அது அசிட்டைல்கோலினைக் கசியவிட்டது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் பேசத் தொடங்கிவிடுகிறது. பேசிக்கொண்டேதான் தன் ஆளைப் போய்ச் சேருகிறது.

முதிர்ந்த நரம்பு இப்படியில்லை. லண்டனில் பெர்னார்ட் கட்ஸும் அவர் கூட்டாளிகளும் 1950களில் தவளையின் தசையில் ஊசிமுனை மின்வாயைச் செருகிப் பார்த்து இதைத் தெளிவாக்கினார்கள். நரம்பியக்கடத்தி சொட்டுச் சொட்டாக, ஒரே அளவான பொதிகளாக வருகிறது. ஒரு பொதி என்பது ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் அடைத்த ஒரு நுண்பை. அழைப்பு இல்லாதபோது எப்போதாவது ஒன்று. மின்துடிப்பு வந்ததும் கால்சியம் வாசல்கள் திறந்து, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் பைகள் சவ்வோடு கலந்து உள்ளிருப்பதைக் கொட்டுகின்றன. கட்ஸுக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது. பையைச் சவ்வோடு இறுக்கி முறுக்கும் புரதங்களையும் கால்சியத்தை உணர்ந்து ‘இப்போது’ என்று சொல்லும் புரதத்தையும் கண்டறிந்த ராத்மன், சூடாஃப் இருவருக்கும், செல்லுக்குள் பைகளின் போக்குவரத்தை ஆளும் மரபணுக்களைக் கண்ட ஷேக்மனுக்கும் 2013இல் கிடைத்தது.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கிய ஒபைத் சித்திகி, சீமோர் பென்சருடன் சேர்ந்து 1976இல் சில பழ ஈக்களைப் பற்றி எழுதினார். வெப்பம் ஏறினால் அவை மயங்கி விழும். குளிர்ந்தால் எழுந்து பறக்கும். அவற்றுள் ஒரு வகைக்கு, ஒருமுறை முறுக்கிக்கொண்ட புரதங்களைப் பிரித்து அடுத்த பைக்குத் தயாராக்கும் புரதத்தில்தான் கோளாறு என்று பின்னாளில் தெரிந்தது. வெளியிடுவது ஒரு வேலை என்றால் மறுபடி வெளியிடத் தயாராவது அதற்குச் சமமான இன்னொரு வேலை. ஒரு மயங்கிய ஈயிலிருந்து உலகம் இதைத் தெரிந்துகொண்டது.

ஹேட்சர் அறையில் இருபதாம் நாள் முட்டை ஒன்றை என் காதோரம் வைத்தார்கள். உள்ளேயிருந்து கீச்சொலி. ஓடு இன்னும் உடையவில்லை. காற்றறைக்குள் அலகை நுழைத்துக் குஞ்சு மூச்சுவிடத் தொடங்கியிருக்கிறது. அது கத்துவது மட்டுமல்ல, பல நாளாகக் கேட்டுக்கொண்டும் இருக்கிறது. செவி நரம்பு மூளைக்குள் நுழையும் முதல் இடத்தில் பருத்த நரம்பு முனைகள் செல்களைக் கை போலப் பொத்திப் பிடித்திருக்கும். இளம்பருவத்தில் இத்தகைய முனைகள் பலவற்றில் கால்சியம் வாசல்கள் நுண்பைகளிலிருந்து சற்றுத் தள்ளியே அமைந்திருக்கின்றன. துடிப்பு வந்தால் இருப்பில் பெரும்பகுதியை முதல் சில துடிப்புகளிலேயே கொட்டிவிட்டு அவை ஓய்ந்துபோகின்றன, திருவிழாக் காசை முதல் கடையிலேயே தீர்த்துவிடும் பிள்ளையைப் போல. வளர வளர வாசல்கள் பைகளுக்கு நெருக்கமாக நகர்ந்து அமைகின்றன. வெளியிடும் இடங்கள் பெருகுகின்றன. ஒவ்வொரு இடமும் சிக்கனமாகிறது. அதனால்தான் வளர்ந்த செவி ஒரு நொடிக்குள் வரும் நூற்றுக்கணக்கான துடிப்புகளையும் தவறாமல் கடத்த முடிகிறது.

என்னை மிகவும் ஆட்கொண்டது இதனினும் ஆழமான ஒரு மாற்றம். காபா என்று ஒரு நரம்பியக்கடத்தி. வளர்ந்த மூளையில் அது அடக்குவது; அது இல்லாவிட்டால் வலிப்பு. பிறக்காத மூளையிலோ அதே காபா செல்லைத் தூண்டுகிறது. காரணம் காபாவிடம் இல்லை. இளஞ்செல் குளோரைடை உள்ளே சேர்த்து வைத்திருக்கும். வளர்ந்த செல் அதை வெளியே தள்ளிவிடும். வாசல் ஒன்றே, திறக்கும் சாவியும் ஒன்றே, ஓட்டத்தின் திசை மட்டும் மாறிவிடுகிறது. கோழிக்கருவின் தண்டுவடம் தானாகத் துடிப்பதிலும் இந்தத் தூண்டும் காபாவுக்குப் பங்கு உண்டு.

இந்தத் துடிப்பெல்லாம் வீண் என்று நினைத்துவிடக் கூடாது. கருவின் தசையை மருந்தால் அசையவிடாமல் செய்தால் மூட்டுகள் இறுகிப்போகும். தசையை இயக்கும் நரம்பு செல்களில் இயல்பாகப் பாதியளவு கருவிலேயே இறந்துவிடும். அசைவை நிறுத்தினால் இறக்க வேண்டியவை பிழைத்துக்கொள்கின்றன. யார் இருக்க வேண்டும், யார் விலக வேண்டும் என்பதை அந்தக் கேள்வியற்ற பேச்சே தீர்மானிக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, யூதர் என்பதால் வேலை பறிக்கப்பட்ட ரீட்டா லெவி மொன்டால்சினி, இத்தாலியில் தம் படுக்கையறையிலேயே கோழிக்கருவை அறுத்து இந்த நரம்புச் சாவைத்தான் ஆராய்ந்தார். குண்டுவீச்சுக்குத் தப்பிக் கிராமத்துக்குப் போனபின் சைக்கிளில் பண்ணை பண்ணையாகச் சென்று கருவுள்ள முட்டை கேட்டு வாங்கினார். நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்ததற்காக 1986இல் ஸ்டான்லி கோயனோடு நோபல் பரிசைப் பெற்றார். முட்டைகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த அந்த அறையில் நின்றபோது, ஒவ்வொரு முட்டைக்காகவும் அலைந்த அந்தப் பெண்ணை நினைத்துக் கண் கலங்கிவிட்டது.

மாலையில் சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலை அடிவாரத்துக்குப் போனேன். கொட்டகை இல்லாத ஊரில் நாட்டுக்கோழியைப் பார்க்க வேண்டும் என்றேன். ஓட்டு வீட்டுத் திண்ணையோரம், மண் பரப்பிய பழைய கூடையில் ஒரு கருஞ்சிவப்புப் பெட்டைக்கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. கை நீட்டியதும் இறகைச் சிலிர்த்துக் கொண்டு உறுமியது. அதன் கீழே முட்டை ஒன்றுகூட இல்லை; வெறும் மண்.

இந்த அடை குணத்துக்கு வெளிச்சம் மட்டும் போதாது. வயிற்றில் படும் கூட்டின் தொடுகைதான் முக்கியம். அந்தத் தொடுகை ஹைப்போதலாமஸில் வி.ஐ.பி. என்ற புரதத் துண்டை வெளிவரச் செய்கிறது. அது புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்ட, முட்டையிடுவது நிற்கிறது. இதிலும் ஒரு பொருளுக்கு இரண்டு முகம் உண்டு. வான்கோழிகளில் கண்டபடி, டோபமைன் என்ற நரம்பியக்கடத்தி மூளைக்குள் ஒரு வகை ஏற்பி வழியாக இந்த வேலையை முடுக்கிவிடுகிறது. பிட்யூட்டரியில் வேறு வகை ஏற்பி வழியாக அதே வேலையைத் தடுக்கிறது. காலையில் கொட்டகையில் பார்த்த வெள்ளைக் கோழிகளிடம் இந்த அடை குணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்தே கழித்துவிட்டார்கள்.

வீட்டுக்கார அம்மாவிடம், “இதை என்ன செய்வீங்கம்மா?” என்று கேட்டேன்.

“கோடையில அடை வெச்சா முட்டை கெட்டுப்போகும் கண்ணு. அதான் வெக்கல. ரெண்டு வேளை தொட்டித் தண்ணியில முக்கி எடுத்து, கூடையை மறைச்சு வெச்சுட்டு, வேற எடத்துல கட்டிப்போடணும்” என்றார். பக்கத்து வீட்டில் மூக்கில் இறகைச் செருகிவிடுவார்களாம். தமக்கு அது பிடிக்காது என்றார்.

கூட்டை விட்டுப் பிரித்தால் புரோலாக்டின் இறங்கத் தொடங்குகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கோழியின் இரண்டு இறக்கையையும் ஒருசேரப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தார்.

“நாலஞ்சு நாள்ல தெளிஞ்சுரும். அப்பறம் ஒரு பத்துப் பதினஞ்சு நாள் போனா மறுக்கா முட்டைக்கு வந்துரும் கண்ணு.”