அஞ்சுக்கு அஞ்சு

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயம். எங்கப்பா கண்ணுல பட்டா வம்பாச்சேன்னு தள்ளிப் போட்டுட்டே வந்தேன். போன வாரம் போன்ல அவரே இதைச் சொல்லிச் சிரிச்சதால லைசன்ஸ் கெடைச்சாச்சு :-)

2019. பொட்டி தட்டுற வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, ஜெர்மனியில ஆஹன்ங்குற ஊர்ல எம்.எஸ். படிச்சுட்டு இருந்தேன். ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூணும் முட்டிக்கிற மூலையில இருக்கு அந்த ஊர். விசாவுக்காக பேங்க்ல முடக்கி வச்ச 8,640 யூரோவுல இருந்து மாசம் 720 யூரோ கைக்கு வரும். அதுலதான் வாடகை, அரிசி, பருப்பு, எல்லாம். அந்தப் பணம் வீட்டுப் பத்திரத்தை வச்சு வாங்குன கடன்.

ஜெர்மனிக்காரங்க மார்க் போடுற முறை நமக்குத் தலைகீழ். 1.0 எடுத்தா கில்லாடி. 4.0 எடுத்தா தப்பிச்சே. 5.0 எடுத்தா ஊத்திக்கிச்சு. மூணு வாட்டி ஊத்திக்கிச்சுன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், அதே படிப்பை அந்த நாட்டுல வேற எங்கயும் தொடர முடியாது.

ஏப்ரல் நடுவுல ஒரு பேப்பருக்கு ரிசல்ட் வந்துச்சு. 5.0. அன்னைக்குன்னு பார்த்து அப்பா போன்.

"எவ்வளவுடா?"

"அஞ்சுப்பா."

"எத்தனைக்கு?"

இங்கதான் வாயில சனி உக்காந்துச்சு.

"அஞ்சுக்குத்தான்ப்பா."

அப்பா கோவில்பட்டியில அரசு பஸ் கண்டக்டர். கேக்கணுமா? டிப்போ, டீக்கடை, பக்கத்து வீட்டு வாத்தியார்னு அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அம்மா கோவில்ல அர்ச்சனை பண்ணிட்டு வந்து, "உன் பேரைச் சொல்லித்தான்டா பண்ணுனேன்"னாங்க. ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல.

இந்த லட்சணத்துல கூட இருந்தவனுங்க ஆம்ஸ்டர்டாம் போலாம்னு கிளப்பிட்டானுங்க. ஏப்ரல் 27 நெதர்லாந்து ராஜாவோட பிறந்தநாள். அந்த வருஷம் அது சனிக்கிழமையில வந்துச்சு. நான், ஒரு மதுரைக்காரன், ஒரு ஹைதராபாத்காரன், கூடப் படிச்ச ஒரு மெக்சிகோ பொண்ணு. ராத்திரிக்கு டெல்ஃப்ட்ல படிக்கிற சீனியர் ரூம்ல தரையில படுக்கை. நான் வரலைன்னேன். "ரூம்ல உக்காந்து அழுதா அஞ்சு ஒண்ணாயிடுமா?"ன்னு மதுரைக்காரன் கேட்டான். நியாயமான கேள்வி. கிளம்பிட்டேன்.

காலையில பஸ் புடிச்சு மாஸ்ட்ரிக்ட். நாட்டு எல்லையைத் தாண்டுனதே செல்போன்ல வந்த மெசேஜைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. அங்கிருந்து ரெண்டரை மணி நேரம் ரயில். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஆரஞ்சு சட்டை, ஆரஞ்சு தொப்பி, ஆரஞ்சு விக்குன்னு ஏறிட்டே இருக்காங்க. ராஜ குடும்பத்தோட பேர்லயே ஆரஞ்சு இருக்கு. பழத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. தெற்கு பிரான்சுல ஆரஞ்சுன்னு ஒரு ஊர், அந்தச் சமஸ்தானம் 1544ல இவங்க முன்னோர் ஒருத்தர் கைக்கு வந்துச்சு. ஊர் எப்பவோ பிரான்சோட போயிடுச்சு. பேரும் கலரும் மட்டும் இவங்ககிட்ட தங்கிடுச்சு.

எங்க யார்கிட்டயும் ஆரஞ்சு சட்டை இல்ல. மதுரைக்காரன் மட்டும் பழனிக்குக் கட்டிட்டுப் போன காவி வேட்டியை எடுத்துட்டு வந்து ஜீன்ஸ் மேலயே கட்டிக்கிட்டான். ரயில்ல நாலு பேர் அவன்கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. பய கடைசி வரைக்கும் கழட்டவே இல்ல.

2013 வரைக்கும் இது ராணி தினமாம், ஏப்ரல் 30. அதுலயும் ஒரு கூத்து. அப்போ இருந்த ராணி பேயட்ரிக்ஸோட பிறந்தநாள் ஜனவரி 31. அந்தக் குளிர்ல தெருவுல எவன் ஆடுவான்? அதனால அவங்க அம்மா யூலியானாவோட பிறந்தநாளையே அப்படியே வச்சுக்கிட்டாங்க. விவரமான ராணி.

ஆம்ஸ்டர்டாம்ல எறங்குனா நம்ம சித்திரைத் திருவிழா கூட்டம். கால்வாய் முழுக்கப் படகு, படகு முழுக்க ஆட்டம். ஆனா எனக்குப் புடிச்சது தெருச் சந்தைதான். அன்னைக்கு ஒரு நாள் யார் வேணா லைசன்ஸ் இல்லாம, வரி இல்லாம நடைபாதையில கடை விரிக்கலாம். முன்னாடியே வந்து சாக்பீஸ்ல கோடு போட்டும், டேப் ஒட்டியும் இடம் புடிச்சு வச்சிடுறாங்க. நம்மூர் பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போடுற அதே டெக்னிக்!

நாம போகிக்குக் கொளுத்துற சாமானை இவங்க விக்கிறாங்க. பழைய ஷூ, விளக்கு, காலொடிஞ்ச நாற்காலி. வீட்டு வாசல்ல அட்டை மாட்டி பாத்ரூமையும் ஒரு யூரோன்னு விக்கிறாங்க (மூணு மணி நேரம் கழிச்சு அது எவ்வளவு பெரிய சேவைன்னு புரிஞ்சுது). வழக்கமா ரோஸ் கலர் பாகு ஊத்துற டொம்பூஸ்ங்குற கேக்குக்கு அன்னைக்கு மட்டும் ஆரஞ்சுப் பாகு. எந்தப் பக்கம் கடிச்சாலும் எதிர்ப் பக்கம் கிரீம் பிதுங்கிச் சட்டையில விழும்.

வோண்டல் பார்க்ல முழுக்கக் குழந்தைங்க கடைதான். ஒண்ணு வயலின் வாசிக்குது, ரொம்ப சுமார். ஒண்ணு அப்பாவை உக்கார வச்சு, காசு கொடுத்தா அவர் மேல ஈர ஸ்பாஞ்சு எறியலாம்னு கூவுது. எட்டு ஒன்பது வயசுப் பையன் ஒருத்தன் போர்வையில பொம்மைங்களைப் பரப்பி வச்சிருந்தான். பின்னாடி மடக்கு நாற்காலியில அவன் பாட்டி. காத்தாடி மில் படம் போட்ட ஒரு ஜிக்சா பெட்டியை எடுத்து, விலை கேட்டு, ஐம்பது செண்டை நீட்டுனேன்.

பையன் வாங்கல. பெட்டி மேல ஒட்டியிருந்த துண்டுச் சீட்டை விரலால தட்டித் தட்டிக் காட்டுறான். டச்சுல ஏதோ கிறுக்கியிருந்துச்சு. எனக்கு எங்க புரியுது? "ஓகே ஓகே"ன்னு மறுபடி நீட்டுனேன். தலையை ஆட்டிட்டு பாட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

பாட்டி சிரிச்சுட்டே ஆங்கிலத்துல சொன்னாங்க. "இதுல ஒரு துண்டு காணாம போயிடுச்சு. அதனாலதான் பாதி விலை. அது உங்களுக்குப் புரிஞ்ச பிறகுதான் காசு வாங்குவானாம்."

புரிஞ்சுதுன்னு சொன்னேன். ஒரு விரலைக் காட்டி, "ஒண்ணுதானே?"ன்னேன். அவனும் ஒரு விரலைக் காட்டிட்டுக் காசை வாங்கிக்கிட்டான்.

நான் வெளியூர்க்காரன், ஜென்மத்துக்கும் திரும்பி வந்து கேக்கப் போறதில்ல. அவன் வாயைத் தொறக்காம காசை வாங்கிப் போட்டிருக்கலாம். நானும் எங்கப்பாகிட்ட பொய் சொல்லல பாருங்க, சீட்டை மட்டும் படிச்சுக் காட்டல.

அதுக்கப்புறம் எனக்குப் பாட்டும் கேக்கல, கூட்டமும் தெரியல. மதியம் மூணு மணி, நம்மூர்ல ஆறரை. அப்பா டூட்டி முடிஞ்சு வந்திருப்பார். ஒரு பாலத்தோரம் ஒதுங்கி நின்னு போன் போட்டேன். பின்னாடி எவனோ விசில் அடிக்கிறான், அப்பா "என்னடா சத்தம், கல்யாண வீடா?"ங்குறார்.

"அப்பா, அந்த அஞ்சு பாஸ் இல்லப்பா. பெயில். இங்க ஒண்ணுதான் முதல் மார்க்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன்.

"வாத்தியார் வரைக்கும் சொல்லிட்டேனேடா..."

"..."

"இன்னும் எத்தனை வாட்டி எழுதலாம்?"

"ரெண்டு."

"சரி. கலெக்‌ஷன் குறைஞ்சா அன்னைக்கே டிப்போவுல சொல்லிரணும். அன்னைக்குச் சொன்னா கைக்காசு கட்டுறதோட போயிரும். மறுநாள் சொன்னா அதுக்குப் பேரு வேற. தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"சாப்டியா?"

இல்லைன்னேன். அது நிஜம்.

ராத்திரி டெல்ஃப்ட்ல நாலு பேரும் தரையில உக்காந்து அந்த ஜிக்சாவைச் சேர்த்தோம். பையன் சொன்ன மாதிரியே சரியா ஒரு துண்டு இல்ல, காத்தாடி இறக்கையோட நுனி. மதுரைக்காரன் வேட்டியோட ஓரத்தை மடிச்சு அந்த ஓட்டைக்கு அடியில வச்சான். ஆரஞ்சு இறக்கை. நல்லாத்தான் இருந்துச்சு.

அடுத்த முறை அதே பேப்பர்ல 3.7 வாங்கிப் பாஸ் பண்ணேன். கரெக்டா அன்னைக்கே போன் போட்டு, மார்க் முறையையும் விளக்கிச் சொல்லிட்டேன். அப்பாவும் மறக்காம வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கார்.

வாத்தியார் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டே கேட்டாராம். "அஞ்சு எடுத்த பய இப்போ மூணே முக்காலுக்கு எறங்கிட்டானே, கொஞ்சம் கண்டிச்சு வைக்கக் கூடாதா?"

அப்பா இன்னமும் அவருக்கு விளக்கிட்டு இருக்கார் :-)