அ – அம்மி

மார்த்தா ராஸ்லர் என்ற நியூயார்க் கலைஞர் 1975-இல் எடுத்த வீடியோ, 'செமியாட்டிக்ஸ் ஆஃப் தி கிச்சன்'. ஆறு நிமிடம், கறுப்பு வெள்ளை. அசையாத கேமராவுக்கு முன்னால் ஏப்ரனோடு நின்று, ஆங்கில அகரவரிசைப்படி ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். டிவி சமையல் நிகழ்ச்சி மாதிரிதான். சிரிப்பு மட்டும் கிடையாது. முள்கரண்டியால் காற்றைக் குத்துகிறார். காலிக் கரண்டியில் எதையோ மொண்டு விசிறி அடிக்கிறார். கடைசி எழுத்துகளுக்குச் சாமான் தேடவில்லை. கைகளை விரித்து உடம்பாலேயே எழுதிவிடுகிறார்.

இதைத் தமிழில் எடுத்தால்? அம்மி, அரிவாள்மணை, அஞ்சறைப்பெட்டி என்று முதல் எழுத்திலேயே அடுக்களை நிரம்பிவிடும். ஆட்டுக்கல், இடுக்கி, உலக்கை, ஊதுகுழல். ஔவுக்கு வழக்கம்போல ஔவையாரைத்தான் கூப்பிட வேண்டும். ஃ-க்குக் கவலையில்லை: தொல்காப்பியர் சொன்ன அந்த முப்பாற்புள்ளி, பார்வைக்கு மூன்று கல் கூட்டிய அடுப்பேதான்.

அம்மி என்றதும் திண்டிவனத்துப் பெரியம்மா வந்துவிடுகிறாள். அம்மி கொத்துகிறவர் குரல் தெருமுனையில் கேட்கும்போதே கல்லைக் கழுவி வாசலில் போட்டுவிடுவாள். அவர் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்த, இவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, "இங்க ஆழம் போதல, அங்க ஓரம் வுட்டுட்ட" என்று மேஸ்திரி வேலை பார்ப்பாள். கொத்தி முடித்ததும் ஒரு பிடி அரிசியை அரைத்து வழித்துக் கொட்டுவாள். கல்துகள் போனதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பாள். மறுபடி ஒரு பிடி. திருப்தியான பிறகுதான் மிளகாய். 2011-க்குப் பிறகு அரசாங்க மிக்சி வந்தது; அம்மி துணி துவைக்கும் இடத்துக்குப் போனது.

அரசாங்கக் கலர் டிவி அதற்கு முன்பே வந்திருந்தது. பெரியம்மா அதன் எதிரில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சமையலறை நிலைப்படியில் சாய்ந்து, ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றிக்கொண்டு, கரண்டியும் கையுமாகத்தான் பார்ப்பாள். விழுப்புரம் பக்கத்துப் பனமலையில், இராசசிம்மப் பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் ஓவியத்திலும் பார்வதி இப்படித்தான் ஒரு கால் மடித்து நிற்கிறாள். சிவன் ஆடுவதைப் பார்க்கிறாளாம். குடையும் கிரீடமும் இருப்பதால் அவளுக்கு அடுப்பில் எதுவும் இல்லை என்று தெரிகிறது.

அதே நிலைப்படியில் பெரியம்மாவிடம் போனில் ராஸ்லரைக் காட்டினேன். ஆண்கள் கட்டிவைத்த அடுக்களையின் மீது ஒரு பெண்ணின் கோபம் என்று உரை சொல்லத் தயாராக இருந்தேன். கரண்டி வரைக்கும் வாய் திறக்காமல் பார்த்தாள்.

"கோவம் சரிடா. குழம்பு இருந்தா செவுர யாரு தொடைக்கறது? அவதான தொடைக்கணும்?"

அதற்குள் குக்கர் விசில் அடித்தது. மீதி எழுத்துகளை நான் மட்டும் பார்த்தேன்.